பஸ் நிறைய ரசிகர்கள்

துபாய் ஆங்கில வானொலியில் நாற்பது வருஷமாகக் காலை நிகழ்ச்சி நடத்திவரும் பிரிட்டிஷ்காரர் டெரிக்கை அனுப்பிவிட நிர்வாகம் முடிவெடுத்தது. உடனே சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளர்களிடமிருந்து போனுக்கு மேல் போன். "அந்த வெள்ளைக்காரர் பேசாட்டி நாங்க டூட்டிக்குப் போக மாட்டோம்!"

நெகிழ்ந்துபோன டெரிக், மறுநாள் விடியற்காலையிலேயே அவர்களுடைய கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். நேரடி ஒலிபரப்பு. ஒலிப்பதிவாளன் நிஜாமும் கூட வந்தான்.

டிரைவர் கனகராசுவிடம் குனிந்து கேட்டான். "இவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமாண்ணே?"

"ஒரு எழுத்து தெரியாது தம்பி."

"அப்புறம் எப்படி இவ்வளவு ரசிகர்கள்?"

"கொஞ்சம் பொறு."

"குட் மார்னிங் துபாய்!" என்று தொடங்கினார் டெரிக். முதல் ஜோக் முடிவதற்குள் பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் சாய்ந்துவிட்டன. குறட்டை கிளம்பியது.

"ரூம்ல மூட்டைப்பூச்சி தம்பி. சைட்டுக்குப் போற வழியிலதான் தூக்கமே. பஸ் ரேடியோவுல இவரு வாயத் தொறந்தாத்தான் கண்ணு சொக்குது."

டெரிக் இரண்டாவது ஜோக்கை ஆரம்பித்தார். கனகராசு அவசரமாகக் காதுகளில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மிச்சத்தை நிஜாமிடம் நீட்டினார்.

"நான் ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கேன். கைதட்ட நீயாவது முழிச்சிருக்கணும்ல?"