யார் எழுதிய வரி

மத்தியான வெயில் ஜன்னல் வழியே விழுந்து கணினித் திரை பாதி வெளுத்துக் கிடக்கிறது. அவள் அதைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொள்கிறாள். நிரலில் எந்த வரியை யார் எழுதினார்கள், யார் மாற்றினார்கள் என்று மறக்காமல் வைத்திருப்பதற்கென்றே பலர் கூலியில்லாமல் கூடிக் கட்டும் மென்பொருள் ஒன்று அதில் திறந்திருக்கிறது. அந்த மென்பொருளை வேகமாக ஓடவைக்கும் வழியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். "மொத்தமா அனுப்பாதீங்க, சின்னச் சின்னதா பிரிச்சு அனுப்புங்க" என்று தலைமை நிரலாளர் சொன்னதால் வருஷம் முழுக்கத் துண்டு துண்டாக அனுப்பினாள். இன்று வெளிவந்த பதிப்பில் அத்தனை துண்டுகளும் ஒரே மாற்றமாக ஒட்டப்பட்டு, எழுதியவர் என்ற இடத்தில் தலைமை நிரலாளரின் பெயர் இருக்கிறது. கேட்டதற்கு, "எல்லாரும் சேந்து செய்யறதுதானே, இதுல போய்ப் பேரு என்னங்க?" என்று பதில் போட்டிருக்கிறார். அப்பா ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் தோளுக்கு மேல் குனிகிறார். "உன் பேரு எங்கம்மா இருக்கு? காட்டு, கண்ணாரப் பாத்துக்கறேன்." மின்விசிறி கரகரக்கிறது. அவள் பங்களித்தவர்கள் பட்டியலைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்துகிறாள். "இதோப்பா." அவர் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறார், மறுபடியும் படிக்கிறார். "பெரிய வேலையாம்மா இது?" "ஆமாப்பா" என்கிறாள், திரும்பிப் பார்க்காமல். உதவிக் குறிப்பில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியதற்காக அந்தப் பெயர் அங்கே இருக்கிறது.