வலப்பக்கத்து இடம்

இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரிடம் டாக்டர் சொன்னது இதுதான்: "பேசிக்கிட்டே நடங்க. மூச்சு வாங்கினா வேகத்தைக் குறைங்க."

முப்பது வருஷமாக மனைவியை நாலடி பின்னால் விட்டு, வெறும் 'ம்' கொட்டிக்கொண்டே நடந்த மனுஷன், இப்போது வாய் ஓயாமல் பேசியபடி பூங்காவைச் சுற்றினார். சிரிப்பு வேறு. பக்கத்தில் யாருமில்லை. ஆனாலும் வலப்பக்கம் ஓர் ஆள் நடக்க இடம் விட்டிருந்தார்.

பின்னால் வந்த மனைவிக்கு வயிறு எரிந்தது. நான்காம் நாள் பொறுக்கமாட்டாமல் விறுவிறுவென்று போய் அந்த இடத்தில் புகுந்துகொண்டாள்.

"கொஞ்சம் பின்னாடி வாயேன்," என்றார் அவர். "பாவம், அவங்களுக்கும் இப்பத்தான் ஆபரேஷன் ஆயிருக்கு."

அவள் பின்தங்கினாள். முன்னால், அவருக்கு வலப்பக்கத்துக் காலி இடத்திலிருந்து, ஒரு பெண் மூச்சு வாங்கச் சிரிப்பது கேட்டது.

அவர் உடனே வேகத்தைக் குறைத்தார்.