முப்பத்தொன்றாவது படம்

புள்ளி இடம் மாறியிருந்தது.

அவள் மடிக்கணினியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

காமிராவின் சென்சாரில் ஒட்டிய தூசு அப்படிச் செய்யாது. ஒரு படத்தில் எங்கே நிற்கிறதோ, எல்லாப் படத்திலும் அங்கேதான் நிற்கும். தூசுக்குக் கால் கிடையாது.

காலையில் கடற்கரையில் எடுத்தவை மொத்தம் முப்பத்தொரு படங்கள். முக்காலியை ஓர் அங்குலம்கூட அசைக்கவில்லை. விடுதி அறைக்குத் திரும்பியதும் கடைசிப் படத்தைத்தான் முதலில் திறந்தாள். சூரியன் முழுதாக மேலேறிய படம். அடிவானத்துக்குக் கீழே, இடது ஓரமாக, ஒரு கறுப்புப் புள்ளி.

தூசு.

அதைச் சுற்றி வட்டமிட்டு அழித்தாள். தோழி நளாயினிக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது.

“கண்ணாடி மாதிரி இருக்குடி. ஒரு தூசு இல்ல.”

இப்போது திறந்திருப்பது பன்னிரண்டாவது படம். கடைசிப் படத்துக்குப் பதினெட்டு நிமிடம் முந்தையது. இதிலும் புள்ளி இருக்கிறது.

வலது ஓரத்தில்.

படத்தை அதன் முழு அளவுக்குப் பெரிதாக்கினாள். கலங்கலாக வந்தது. ரா கோப்பு அப்படித்தான். காமிரா அதில் எந்த ஒப்பனையும் செய்யாது. விழுந்த வெளிச்சத்தை விழுந்தபடியே கையில் கொடுத்துவிடும். துலக்குவது நம் வேலை.

துலக்குவது என்றால் இல்லாததை வரைவதல்ல. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில், இருட்டை ஒரு துளி இருட்டாக்கி, வெளிச்சத்தை ஒரு துளி வெளிச்சமாக்குவது. அவ்வளவுதான். விளிம்பைக் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கூர்மையைக் கூட்டினாள்.

ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி, விளிம்புகளை மட்டும் பிரித்துக் காட்டும் பட்டியை நகர்த்தினாள். திரை கறுத்தது. விளிம்பு உள்ள இடங்கள் மட்டும் வெள்ளைக் கோடுகளாக நின்றன. அலைகளுக்குத் திடமான விளிம்பு இல்லை. பட்டி நகர நகர, ஒவ்வொன்றாக அணைந்தன.

ஒரு கோடு அணையவில்லை.

விசையை விட்டாள்.

தலை.

தலைக்கு மேலே, ஒரு கை.

*

காலை ஏழு மணிக்கு அவள் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தபோது, மணலில் ஒரு பெண் ஓடி வந்தாள். கித்தேரி. அவள் புருஷன் இஞ்ஞாசி ராத்திரி மீன்பிடிக்கப் போன வள்ளம், ஆளில்லாமல் கரை ஒதுங்கியிருந்தது.

“இருட்டுலருந்தே கடலப் பாத்துட்டு நிக்கீகளே தாயி, ஏதும் கண்டீகளா?”

“ஒண்ணும் காணலீங்க.”

பொய்யில்லை. காணவில்லைதான்.

கித்தேரி தன் எண்ணைச் சொல்லி, இவளுடைய அலைபேசியில் பதியவைத்துவிட்டே போனாள். வடக்கேயிருந்து காற்று. ஆள் தெற்கேதான் இழுபட்டிருப்பான் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். தேடப் போன நான்கு வள்ளங்களும் தெற்கே திரும்பியதை இவளும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

பதினாறாவது படம். புள்ளி கொஞ்சம் இடப்பக்கம்.

இருபத்திரண்டு. இன்னும் இடப்பக்கம்.

காமிரா கிழக்கே பார்த்து நின்றது. கிழக்கே பார்த்து நின்றால் இடப்பக்கம் வடக்கு.

காற்று மேலே தெற்காக அடித்திருக்கிறது. நீர் அடியில் வடக்காக ஓடியிருக்கிறது.

இருபத்தேழு. கை பாதிதான் தெரிந்தது.

முப்பது. தலை மட்டும்.

முப்பத்தொன்று.

வெறும் கடல்.

கடைசி இரண்டு படங்களுக்கும் இடையே நாற்பது வினாடி. அவள் அந்த நாற்பது வினாடியில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசித்தாள். லென்ஸைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

முப்பத்தொன்றாவது படத்தை மறுபடி பார்த்தாள்.

பிறகுதான் உறைத்தது.

இந்தப் படத்தில்தான் அவள் தூசு துடைத்தாள்.

ரா கோப்பில் எதை அழித்தாலும் அழிவதில்லை. இந்த இடத்தை மறைத்துக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். குறிப்பை எடுத்துவிட்டால், இருந்தது இருந்தபடி வரும்.

அழிப்பானைத் திறந்தாள். அவள் போட்ட வட்டம், கடலின் இடது ஓரத்தில், போட்ட இடத்திலேயே இருந்தது. அதைத் தொட்டு நீக்கினாள்.

தலை வந்தது.

ஒரு கை. இன்னொரு கை.

இரண்டும் கரையைப் பார்த்து உயர்ந்திருந்தன. அந்த நேரத்தில் அந்தக் கரையில் ஒரே ஓர் ஆள்தான் நின்றிருந்தாள்.

படத்தின் ஓரத்தில் நேரம் பதிவாகியிருந்தது. ஆறு முப்பத்து நான்கு. சுவர்க் கடிகாரத்தில் எட்டேகால்.

அலைபேசியை எடுத்தாள். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை.

“சொல்லுங்க தாயி.”

“வடக்கே,” என்றாள். “வள்ளங்கள வடக்கே திருப்பச் சொல்லுங்க.”

சொல்லும்போதே இடது கை விரலைத் திரையில், அந்தப் புள்ளிக்குக் கீழே, அழுத்தி வைத்திருந்தாள்.

நகர்ந்துவிடாதபடி.

தாழ்ந்துவிடாதபடி.