ஓடாத கப்பலுக்கு உத்தரவு

“பொய் சொல்றா! மூணு தடவை தலையாட்டிட்டு, மூணு தடவையும் என்னைக் கவுத்துட்டா!”

ஈரக் குடையைக்கூட மடக்காமல் கோயிலுக்குள் வந்து நின்று கத்தினாள் பாவ்சூ. கீலுங் துறைமுகச் சந்தையில் கணவாய் விற்கிறவள். அந்தத் தொண்டைக்கு முகக்கவசமெல்லாம் ஒரு தடையே இல்லை.

“யாரைச் சொல்ற?” என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் யூஷெங், சாம்பலைப் பெருக்கியபடியே.

பாவ்சூ சந்நிதியை நோக்கி மோவாயை நீட்டினாள். அங்கே கடலுக்கே தாயான மாட்சு அம்மன், ஊதுபத்திப் புகையில் கறுத்த முகத்தோடு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

“மெதுவாப் பேசு! அவ காதுல விழும்.”

“விழட்டும்ணே! அதுக்குத்தானே வந்தேன்.”

அவள் கடையிலிருந்து பார்த்தால் பயணிகள் கப்பலின் வெள்ளை முதுகு தெரியும். கடை போட்ட நாளிலிருந்து அது வருவதையும் போவதையும் பார்த்தே வயதாகிவிட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதன் மேல்தட்டில் நின்று, கீலுங்கின் மலையும் மழையும் தன் கடைக் கூரையும் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்த நேரத்தில் ஊருக்கு நோய் வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு தடவையும் கப்பலில் இடம் போடும் முன் இங்கே வந்து, அரைநிலா வடிவ மரக்கட்டை இரண்டைத் தரையில் போட்டு அம்மனிடம் உத்தரவு கேட்டாள். ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் ‘சரி’ என்று அர்த்தம். அப்படியேதான் விழுந்தது. இடம் போட்டாள். நோயால் கப்பல் ரத்து. மறுபடி உத்தரவு, மறுபடி ரத்து. மூன்றாவது தடவையும் அதேதான்.

இப்போது அடுத்த வசந்தத்தில் நாகசாகிக்குப் பாதி விலையில் இடம் தருகிறார்களாம். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“டிராவல்ஸ் பொண்ணு ‘இந்தத் தடவை நிச்சயமாப் போகும் ஆன்ட்டி’ங்கிறா. போன தடவையும் அதையேதான் சொன்னா. பேசிப் பேசிப் பாதி விலையை இன்னும் இறக்கிட்டேன். ஆனா ஓடாத கப்பல்ல பாதி விலை என்ன, முழு விலை என்ன?”

“அம்மன்கிட்ட நீ என்னன்னு கேட்ட?”

“‘கப்பல்ல இடம் போடட்டுமா’ன்னு கேட்டேன்.”

யூஷெங் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “அவ ‘போடு’ன்னா, நீ போட்ட. கப்பல் ஓடுமான்னு நீ கேக்கவே இல்லையே! ஒரு கணவாய்க்கு அரைமணி நேரம் வாயாடறவ, இங்க வந்து கோட்டை விட்டியே!”

பாவ்சூவுக்குச் சுருக்கென்றது. சந்தையில் ஒருத்தனும் அவளை இப்படி மடக்கியதில்லை. விறுவிறுவென்று போய்க் கட்டைகளை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் இன்னொரு குடை. அவள் கணவர் தியென்ஃபூ! கால் வலி என்று வீட்டில் படுத்திருந்த மனுஷன்! பாவ்சூ சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

ஆயுசு முழுக்கத் துறைமுகத்தில் கப்பல் வடம் கட்டி, சங்கொலியில் காதைப் பறிகொடுத்தவர் தியென்ஃபூ. காது கேளாதவர் ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும். மண்டியிட்டு, முறைப்படி பேரும் விலாசமும் சொன்னார்.

“அம்மா, தியென்ஃபூ வந்திருக்கேன். மீன் சந்தைக்குப் பின்னாடி, மூணாம் மாடி. எப்பவும் கேக்கறதுதான். இந்தத் தடவையும் கப்பலை நிறுத்திடு.”

பாவ்சூவின் கைக்குள் கட்டை நெரிந்தது.

“நோயால வேணாம், பாவம் சனங்க. எஞ்சின்ல ஏதாவது கோளாறு வெச்சுடு. அவ ஆசை எனக்குத் தெரியும்மா. ஆனா இடம் போட்டதிலேர்ந்து ரத்தாகற வரைக்கும், தினம் சாயங்காலம் என் பக்கத்துல வந்து உக்காந்து கப்பல் படத்தைக் காட்டறா. ‘மேல்தட்டுல உனக்குக் குளிருமாய்யா’ங்கிறா. என் காதுக்குள்ள வந்து பேசறா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கடைக்குப் பேசினது போக மிச்சம்தான் எனக்கு. கப்பல் போயிட்டு வந்துடுச்சுன்னா அதுவும் நின்னுடும்.”

அவர் போட்ட இன்னொரு ஜோடிக் கட்டைகள் கல்தரையில் துள்ளி விழுந்தன. ஒன்று மல்லாந்து, ஒன்று குப்புற.

தியென்ஃபூ முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு மழைக்குள் போனார்.

யூஷெங் விட்டத்தைப் பார்த்தார். “எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன்” என்றார் மெல்ல.

பாவ்சூ தூணை விட்டு வெளியே வந்தாள். பிறகு முகக்கவசத்தை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்நிதிக்கு நேராகப் போய் நின்றாள்.

“ரெண்டு பேருக்கும் ‘சரி சரி’ன்னு தலையாட்டினியா? எங்க சந்தையில ஒரே மீனை ரெண்டு பேருக்கு வித்தா செருப்படிதான்!”

“இந்தத் தடவையாவது கேள்வியை ஒழுங்காக் கேளும்மா” என்றார் யூஷெங்.

“கேள்வி இல்லண்ணே, பேரம்.” கட்டைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தா பாரு. நாளையிலேர்ந்து மத்தியானத்தோட கடையை மூடறேன். கப்பல் போனாலும் சரி, போகாட்டியும் சரி, போயிட்டு வந்தாலும் சரி, சாயங்காலமெல்லாம் அந்த மனுஷன் காதுக்குள்ளதான் நான். இதுக்கு மேல இறங்க மாட்டேன். அவர் கேட்டதை நான் குடுத்தாச்சு. இனிமே நீ எஞ்சின்ல கை வைக்காதே. நோயைத் துரத்து, கப்பலை விடு!”