வேலப்பன் தம்பி

ஆத்தோர ஃபுட்பால் டீமுக்கு வேலப்பன்னு ஒரு முயல்தான் ஸ்டார். அவன் பந்தைத் தொட்டாலே எதிர் டீம் கோல்கீப்பர் ஆமை ஓட்டுக்குள்ள போயிடும், கோல் விழுறதைக் கண்ணால வேற பாக்கணுமான்னு.

அவன் தம்பி தவசிக்கும் அதே டீம்ல ஆடணும்னு ஆசை. ஒரு வருஷம் இடது கால்ல அடிச்சுப் பழகி, செலக்‌ஷனுக்கு முத ஆளா வந்து நின்னான். கோச் எருமை அவனைப் பாத்ததுமே ஜெர்சியத் தூக்கிப் போட்டுச்சு.

"நீ வேலப்பன் தம்பிதானே? சேத்தாச்சு, போ."

"ஐயா, நான் இன்னும் பந்தையே தொடலையே. அஞ்சு நிமிஷம் பாருங்களேன்."

"உங்க அண்ணனை நாலு வருஷமாப் பாக்குறேன்டா, போதாதா?"

வரிசையில நின்ன ஆடு, "குடுத்து வச்ச பயடா நீ, காலே இல்லன்னாலும் எடுத்திருப்பாங்க"ன்னுச்சு. தவசி சிரிச்சு வச்சான்.

ரெண்டு மாசம் பெஞ்சுலயே கெடந்தான். பந்து கால்ல படவே இல்ல. திடீர்னு ஒரு நாள் வேலப்பன் சொல்லாம கொள்ளாம அக்கரை டீமுக்குத் தாவிட்டான்.

"கழட்டுடா ஜெர்சிய"ன்னுச்சு எருமை.

"போனது அவன்தானே ஐயா? நான் எப்படி ஆடுறேன்னு ஒரே ஒரு தடவை பாருங்க."

"பாக்க என்னடா இருக்கு? அதான் உங்க அண்ணன் காட்டிட்டானே."

மறுநாள் தவசி பாலம் தாண்டி அக்கரைக்குப் போனான். அங்க கோச் கழுதை. பேரு, ஊரு எதையும் கேக்கல. பந்தை அவன் முன்னால உருட்டிவிட்டு, "எங்க, அடி பாப்போம்"னுச்சு.

தவசி பந்தையே பாத்தான். இடது காலைத் தூக்கினான், திரும்பக் கீழ வச்சுட்டான்.

"ஐயா, நான் வேலப்பன் தம்பி"ன்னான்.