உப்புமாவின் ரகசிய நம்பர்

“இந்த ஆத்துல முட்டைங்கற வார்த்தையே காதுல விழப்படாதுன்னு சொல்லியிருக்கேன். நீ என்னடான்னா முப்பது முட்டையை வெச்சுண்டு உட்கார்ந்திருக்கே!”

வெங்கடராமன் மாமாவின் குரல் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்டது. மாடிப்படி ஏறிக்கொண்டே அதே குரலில், “முட்டை!” என்று சொல்லிப் பார்த்தேன். கச்சிதம்! எங்கள் பிளாக்கில் எனக்கு வராத குரலே கிடையாது.

உள்ளே கல்யாணி அக்கா கையில் வீடியோ கேமோடு உட்கார்ந்திருந்தாள். பேங்கில் வேலை பார்க்கிற பெண். ஆனால் சாயங்காலமானால் எங்கள் செட்டுக்கு அவள்தான் கேப்டன்.

“அப்பா, இது கேம் முட்டை. ரெண்டு பிராணியை ஜோடி சேர்த்தா முட்டை வரும்.”

“அதுக்கு முப்பதா?”

“ஒவ்வொரு குஞ்சும் ஒரு ரகசிய நம்பரோட பொறக்கும்ப்பா. ஸ்கிரீன்ல தெரியாது, கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கணும். நல்ல நம்பர் வர வரைக்கும் பொரிச்சுண்டே இருப்பா.”

“நம்பர் சரியில்லேன்னா?”

“காட்டுல விட்டுடுவா.”

மாமா தலையில் அடித்துக்கொண்டார். “பொறந்த குஞ்சை நம்பர் பார்த்து விரட்டறதா? ராட்சச விளையாட்டு!”

அதே மூச்சில் சொன்னார்: “அந்த ரமணனோட ஜாதகத்தை சீதாராம ஜோசியர்கிட்டக் கொடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை போன்ல சொல்றேன்னிருக்கார். பொருந்தலேன்னா அந்தப் பேச்சே கிடையாது.”

நானும் அக்காவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வரவில்லை.

ரமணன் பவானிபூர்ப் பையன். இந்த கேம் போட்டி ஒன்றில்தான் அக்காவிடம் தோற்றான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கல்யாணக் கனவு. அவன் வீட்டில் சம்மதம். மாமா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

“ரஜ்ஜுப் பொருத்தம் இல்லைடா,” என்றாள் அக்கா, மாமா போனதும். “நான் பஞ்சாங்கத்துல பார்த்துட்டேன். ரஜ்ஜு இல்லேன்னா அப்பா மேற்கொண்டு எதையும் பார்க்கவே மாட்டார்.”

அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

சனிக்கிழமை, அக்காவிடம் இரவல் வாங்கின கேம் கேபிளைத் திருப்பித் தருகிற சாக்கில் ரமணன் வந்தான். ஹாலிலேயே ஒரு ஆட்டம். மாமா பேப்பருக்குப் பின்னால். நான் ரேடியோ கிரிக்கெட் வர்ணனைக்காரர் குரலில் ஆரம்பித்தேன்.

“பவானிபூர் தரப்பில் வஜ்ரா! ஆறு இறக்கை, அப்பழுக்கில்லாத பிறவி நம்பர்! எதிரே கார்டன் ரீச்சின் உப்புமா! முப்பது குஞ்சில் கடைசி நம்பர், பார்த்தால் பாவமாக இருக்கிற ஆமை!”

உப்புமாதான் ஜெயித்தது.

பேப்பர் இறங்கியது. “அதோட நம்பர்தான் மட்டம்னானே இவன்?”

“பொறந்த நம்பர் மட்டம்தான்ப்பா. ஆனா நாம வளர்க்க வளர்க்க இன்னொரு நம்பர் சேரும். அதுவும் ரகசியம்தான். பார்த்துப் பார்த்து வளர்த்தவாளுக்குத்தான் தெரியும்.”

“காட்டுல விடாம இதை ஏன் வெச்சுண்டே?”

“பாவமா இருந்ததுப்பா.”

“நான் இதே ஆமைகிட்ட மூணாவது தடவையா தோக்கறேன், மாமா,” என்றான் ரமணன், பல்லெல்லாம் தெரிய.

“ஹும்!” என்றார் மாமா. பேப்பர் மறுபடி ஏறிவிட்டது.

இவரை நம்பினால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்காவும் மாமியும் காளிகாட் கோயிலுக்குக் கிளம்பினதும், தெருமுனை டெலிபோன் பூத்துக்குள் புகுந்தேன். அசல் ஜோசியர் முந்திக்கொள்வதற்குள் நகல் ஜோசியர் பேசியாக வேண்டும். மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டேன்; சீதாராம ஜோசியர் குரல் தயார்.

“வெங்கடராமன்! ஜாதகம் ரெண்டையும் பார்த்தாச்சு. அமோகம்! புரியறதோ? க்கும்!”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“ரஜ்ஜு இருக்கா ஜோசியரே?” என்றார் மாமா மெதுவாக.

“பேஷா இருக்கு. தாராளமா முடிச்சுடுங்கோ. புரியறதோ? க்கும்!”

“நன்னாப் புரியறது. நீங்க சொன்னா சரிதான் ஜோசியரே. முடிச்சுடறேன்.”

பூத்துக்கார பெங்காலி அண்ணன் என்னையே வாய் பிளந்து பார்த்தார். “ஓ ரே பாபா! உனக்கு எத்தனை தொண்டைடா?”

சாயங்காலம் பிளாக் முழுக்க மாமா வீட்டு சந்தேஷ் இனிப்பு. அக்கா படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். நான் மட்டும் மாமா வீட்டு டெலிபோன் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அசல் ஜோசியர் போன் பண்ணினால் தீர்ந்தேன். அன்றைக்குப் பண்ணவில்லை. மறுநாளும் பண்ணவில்லை. கிழவர் மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். அதற்கப்புறம் என் காலர் இறங்கவே இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று பந்தி முதல் வரிசையில் சீதாராம ஜோசியர்! தூணுக்குப் பின்னால் நழுவப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் காதைப் பிடித்தது. மாமா.

“ஜோசியர் குரல் நன்னாத்தான் வந்ததுடா. ஆனா அவர் மொதல்ல ‘க்கும்’ போட்டுட்டுத்தான் ‘புரியறதோ’ம்பார். நீ மாத்திட்டே.”

எனக்கு எந்தக் குரலும் வரவில்லை. என் குரலே வரவில்லை.

“அ... அப்பவே தெரியுமா மாமா?”

மாமா காதை விட்டார். பந்தியில் ஜோசியருக்கு இன்னொரு ஜாங்கிரி போடும்படி ஜாடை காட்டிவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

“நீ போன் பண்ணினப்போ அவர் எங்காத்து ஹால்லதான் உட்கார்ந்திருந்தார். நேர்லயே சொல்லிடலாம்னு வந்தவர், ‘ரஜ்ஜு இல்லை, இந்த இடம் வேண்டாம்’னு அப்பதான் சொல்லி முடிச்சிருந்தார்.”