இரண்டு அங்குலம்

“இன்னும் கொஞ்சம் அறுக்கட்டுமாம்மா?” என்று கேட்டார் தச்சர்.

“போதும்ணே. ரெண்டு அங்குலம்தான் பேச்சு. அதுக்கு மேல போனா கண்ணுல பட்டுடும்.”

வரவேற்பு அதிகாரி தரையில் மண்டியிட்டு, அளவு நாடாவை நாற்காலியின் நான்கு கால்களிலும் வைத்துப் பார்த்தாள். நாளைக் காலை ஆற்றுக்கு அக்கரை நாட்டிலிருந்து வரும் மந்திரி அம்மா உட்காரப் போகும் நாற்காலி அது. அதே சிவப்புப் பட்டு போர்த்திய அதன் ஜோடி, இவர்களுடைய மந்திரிக்காக, முழு உயரத்தில் பக்கத்தில் நின்றது.

யோசனை அவளுடையதுதான். “போன தடவை நாம அங்க போனப்ப நம்மாளை முக்கால் மணி நேரம் வெயில்ல நிக்க வச்சாங்கல்ல? பதிலுக்கு ஏதாவது செய்யணும். வெளியில தெரியக் கூடாது, ஆனா அவங்களுக்கு உறைக்கணும்” என்று செயலாளர் கேட்டபோது, மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே அவள் சொல்லிவிட்டாள். அவர் “சபாஷ்” என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல அவளுக்குக் கன்னம் சூடேறியது.

மேசைமேல் விருந்தாளியின் பழைய படங்கள் பரப்பிக் கிடந்தன. எந்த நாட்டில், எந்த மாளிகையில் எடுத்த படமானாலும் அந்த அம்மா நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். முதுகு சாய்ந்த படம் ஒன்றுகூட இல்லை.

“திமிரைப் பார்த்தீங்களா? இப்பவே எழுந்து போயிடுவேன்னு மிரட்டுற மாதிரி” என்று செயலாளர் காலையில் சொல்லிச் சிரித்திருந்தார். அவளும் சிரித்தாள்.

கைப்பேசி அடித்தது. தங்கை. அக்கரைக்குக் கல்யாணமாகிப் போனவள். பாலத்தை மூடிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. தங்கை மகளைத் திரையில்தான் பார்த்திருக்கிறாள், ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

“அக்கா, எங்க மந்திரி அம்மா உங்க ஆபீசுக்குத்தானே வர்றாங்க? இங்க தெரு முழுக்க அதே பேச்சுதான். நாளைக்கு மட்டும் கையெழுத்தாயிடுச்சுன்னா, பாலம் திறக்கிற அன்னைக்கே இவளை இழுத்துட்டு வந்து நிப்பேன் பாரு. அவங்களை நல்லா கவனிச்சுக்கோக்கா.”

“கவனிச்சுக்கிறேன்டி.”

போனை வைத்த பிறகுதான் தன் மடியெல்லாம் மரத்தூள் என்று கவனித்தாள். தட்டினாள். தட்டத் தட்ட இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

“அண்ணே, அறுத்த துண்டை ஒட்டிட முடியுமா?”

“ஒட்டலாம். உட்கார்ந்ததும் மந்திரி அம்மா மல்லாந்துடுவாங்க, பரவாயில்லையா?” என்று சிரித்த தச்சர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “வேணும்னா ஜோடியையும் ரெண்டு அங்குலம் அறுத்துடுறேன். சமமாயிடும். யாருக்குத் தெரியப் போவுது?”

எவ்வளவு எளிய வழி. ஒரு தலையசைப்பு போதும். ஆனால் அதே நேரம் வராந்தாவில் செயலாளரின் செருப்புச் சத்தம் கேட்டது.

“வேண்டாம்ணே” என்றாள் அவள்.

மறுநாள் அவள் சுவரோரமாக நின்றாள். மந்திரி அம்மா வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தார். குனிந்து கீழே பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, அறையில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் பார்வை தன்னிடம் வருமுன் அவள் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

அதன் பிறகு பேசிய எதுவும் அவள் காதில் ஏறவில்லை. செயலாளருக்குப் பயந்து ஒரு தலையசைப்பை விழுங்கியதே திரும்பத் திரும்ப நெஞ்சில் ஓடியது. தங்கையிடம் இனி எந்த வாயால் பேசுவது?

பாலத்துக்கான தாளை மேசையில் வைத்தார்கள். மந்திரி அம்மா பேனாவைத் திறந்தார். மூடி கை தவறிக் கீழே உருண்டது. யாரும் வருமுன் அவரே குனிந்து எடுத்தார். நிமிர்ந்தபோது விரல் நுனியில் மரத்தூள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இந்த நாற்காலிக் காலை அறுத்தது யாரு?”

இவர்களுடைய மந்திரி செயலாளரைப் பார்த்தார். நேற்று சபாஷ் சொன்ன செயலாளர், மோவாயால் சுவரோரத்தைக் காட்டினார்.

அவள் முன்னால் வந்தாள்.

“நான்தாம்மா. யோசனையும் என்னோடதுதான்.”

மன்னிப்புக் கேட்க நினைத்தாள். பதினோரு வருஷத்தை ரெண்டு அங்குலத்தில் அறுத்துப் போட்டுவிட்டோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மந்திரி அம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மை காயுமுன் அவள் கையைப் பற்றி அருகில் இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“முப்பது வருஷமா நாற்காலி நுனியிலயே உட்கார்ந்து பேசிட்டிருக்கேன், சாஞ்சு உட்கார்ந்தும் என் கால் தரையில பட்டது இன்னைக்குத்தாம்மா.”